ஏழரை மில்லிமீட்டர்

ஆனையப்பாக்கத்தில் முதல் கம்பி முளைத்தது டீக்கடை கன்னியப்பனின் இடது உள்ளங்கையில், ஆடி மாதம் மூன்றாம் வெள்ளிக்கிழமை, செல்லியம்மன் கோயிலில் அவன் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தபோது. சுண்டுவிரலுக்குக் கீழே சதை மேடாக இருக்கும் இடத்தில், செம்பு நிறத்தில், பூனை மீசை கனத்தில் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. பானை தேய்த்த நாரில் ஒரு இழை குத்திக்கொண்டது என்று நினைத்துப் பிடுங்கப் பார்த்தான், வரவில்லை, இழுத்த இடத்தில் ரத்தமும் வரவில்லை, மோரின் மேல் தெளிந்து நிற்கும் தண்ணீரைப் போல மஞ்சளாக ஒரு சொட்டு கசிந்தது, வியர்த்த கையில் பித்தளைச் சாவியை நெடுநேரம் வைத்திருந்தால் அடிக்குமே, அந்த வாடை அதில் அடித்தது. வேட்டியில் துடைத்துக்கொண்டு அவன் அடுத்த சொம்புக்குக் கூழ் ஊற்றினான். மறுநாள் நான்கு முளைத்திருந்தன. அடுத்த வெள்ளிக்குள், நெடுஞ்சாலை ஓரத்து போன் கம்பெனி புதிதாக வெளியிட்ட மெலிசுப் போனைக் கையில் வைத்திருந்த அத்தனை பேருக்கும் முளைத்துவிட்டது. அந்தக் கம்பெனி தன் ஆட்களுக்கெல்லாம் சலுகையில் கொடுத்திருந்ததால், ஊரில் முக்கால்வாசிப் பேர் கையில் அந்தப் போன்தான் இருந்தது.

ஊரில் யாரும் அலறவில்லை, யாரும் குறி கேட்கப் போகவில்லை. இது எங்கிருந்து வந்தது என்று தெரிந்த ஒரே ஆள் வேதநாயகி, அவளும் வாயைத் திறக்கவில்லை.

வேதநாயகி அந்தக் கம்பெனியில் ஆன்டெனா இன்ஜினியர். பதினைந்து வருஷமாக அவளுடைய வேலை இடம் தேடுவது. ஒரு காலத்தில் போனுக்கு ஒரே ஒரு ஆன்டெனா, அதுவும் குடுமியைப் போலத் தலைக்கு மேலே தைரியமாக நீட்டிக்கொண்டிருந்தது. பிறகு அதை உள்ளே தள்ளினார்கள், தள்ளிய கையோடு த்ரீஜி வந்தது, ஃபோர்ஜி வந்தது, வைஃபை வந்தது, ப்ளூடூத் வந்தது, வழி காட்டச் செயற்கைக்கோளின் குரலைக் கேட்கும் காது ஒன்று வந்தது, கடையில் தொட்டுப் பணம் கட்டச் சுருள் ஒன்று வந்தது, ஃபைவ்ஜி வந்தபோது தனக்கு மட்டும் நான்கு இடம் வேண்டும் என்று கேட்டது, பழைய டூஜியோ செத்தும் சாகாமல் எல்லோரையும்விட நீளமாகக் காலை நீட்டிப் படுத்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நீளம், ஒவ்வொன்றுக்கும் ஒரு மூலை. பேச்சுவார்த்தை இல்லாத ஓரகத்திகள் ஒரே அடுப்பில் சமைப்பதைப் போல, பக்கத்தில் வைத்தால் ஒன்றின் குரலை இன்னொன்று தின்றுவிடும். இந்த நெரிசலுக்கு நடுவே திரை விளிம்புவரை வந்துவிட்டது, பேட்டரி பெருத்துவிட்டது, கேமரா மூன்றாகிவிட்டது.

டிசைன் தலைவர் நிரஞ்சன் புதுப் போனுக்கு ஏழரை மில்லிமீட்டர் என்று கனம் குறித்துவிட்டார். சுற்றிலும் உலோகச் சட்டம், அதில் அலை வெளியே போவதற்காக விடும் பிளாஸ்டிக் கோடுகள்கூட இருக்கக்கூடாது, முகத்தில் தழும்பு போலத் தெரிகிறது என்றார்.

"இன்னும் ரெண்டு மில்லிமீட்டர் குடுங்க சார். எல்லாத்தையும் உள்ளயே உக்கார வெச்சிடறேன்" என்றாள் வேதநாயகி.

"ரெண்டு மில்லிமீட்டரா? பாக்கெட்ல புடைச்சிக்கிட்டு நிக்கும் மேடம். பாக்கவே அருவருப்பா இருக்கும்."

"உள்ள இடமே இல்ல சார்."

"எப்படியும் ஒருத்தர் கையில பிடிச்சிக்கிட்டுத்தான இருக்கப் போறார். அந்தக் கைய யூஸ் பண்ணுங்க."

கை என்பது உப்புத் தண்ணீர் நிறைந்த பை. சட்டத்தைப் பொத்திப் பிடித்து அலையை உறிஞ்சிவிடும். ஆன்டெனாக்காரர்களுக்கு அதைப்போல எதிரி கிடையாது, வேதநாயகியும் தன் ஆயுளில் பாதியை அந்தக் கையோடு சண்டை போட்டே கழித்திருந்தாள். ஒன்பது நாள் யோசித்து, எதிரியை வேலைக்காரனாக்கினாள். தோல் பட்டால்தான் சட்டம் பாடும், படாவிட்டால் ஊமை, அப்படி அதன் நீளங்களை மாற்றினாள். சோதனை அறையில் ரப்பர்க் கையில் வைத்துப் பார்த்தபோது எண்கள் அவள் வாழ்நாளில் கண்டிராத அளவுக்கு நன்றாக வந்தன. கை பட்டு இவ்வளவு நன்றாக வரக்கூடாதே என்று நினைத்தாள். கையெழுத்துப் போட்டாள். கைதட்டினார்கள், கேக் வெட்டினார்கள், அதில் ஒரு துண்டை அவளும் தின்றாள்.

கம்பிகளை ஊர் எப்படிச் சேர்த்துக்கொண்டது என்பதைத்தான் சொல்ல வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் முதல் வாரம் களிம்பு எழுதிக் கொடுத்தார், இரண்டாம் வாரம் அவர் கையிலேயே ஆறு முளைத்ததும் எழுதுவதை நிறுத்திவிட்டார். முடி வெட்டும் கடையில் சிலர் ஒட்ட நறுக்கிப் பார்த்தார்கள். நறுக்கியதும் போன் செத்துப்போனது, மறுபடி வளரும்வரை மூன்று நாள் அவர்கள் ஊரின் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்ப்பவர்களைப் போலத் திரிந்தார்கள். அதன்பிறகு யாரும் நறுக்கவில்லை. விளம்பரத்தில் வரும் பெண்ணின் கூந்தலுக்குக் கிடைக்கும் மரியாதை அதற்குக் கிடைக்கத் தொடங்கியது. தேங்காய் எண்ணெய் தடவினால் சிணுக்கு விழாது என்று யாரோ கண்டுபிடித்தார்கள். கம்பெனி வேனுக்குக் காத்திருக்கும் பெண்கள் ஒருத்தி கையை இன்னொருத்தி மடியில் வைத்து, இமை மயிர் அளவுக்கு இருந்த ஃபைவ்ஜிக் கம்பிகளை ஊதிப் பிரித்து, சாண் நீளத்துக்குத் தொங்கிய டூஜிக் கம்பியை விரலைச் சுற்றிப் பின்னி விட்டார்கள். கன்னியப்பன் கடையில் காசு கொடுக்கப் போனைக்கூட எடுக்க வேண்டியதில்லை, அவன் உள்ளங்கையில் உள்ளங்கையைத் தேய்த்தால் போதும். கல்யாணத் தரகர் பெண் வீட்டில் படிப்பு கேட்ட பிறகு, எத்தனை கம்பி என்று கேட்டார். பதினொன்று உள்ளவனுக்கு ஒன்பது உள்ளவளைக் கொடுக்கத் தயங்கினார்கள். பஞ்சாயத்துத் தலைவர் சுதந்திர தினத்தன்று கொடி ஏற்றிவிட்டு, நம் கையே நமக்கு உதவி என்று பேசினார், எல்லோரும் கை தட்டினார்கள், ஈரப் பாயை உதறுவது போல ஒரு சத்தம் கேட்டது.

வேதநாயகிக்குச் சோறு இறங்கவில்லை. போனை வலது கையில் பிடிக்கிறவர்கள் அந்தக் கையாலேயே பிசைந்து சாப்பிட்டார்கள். கம்பிகளில் பருக்கை சிக்கி, சாம்பார் வழிந்து, கழுவியும் போகாமல் மாலையில் புளித்த வாடை அடித்தது. கேன்டீன் ரசத்தில் ஒரு முறை சாண் நீளத்தில் ஒன்று கிடந்தது, சூட்டில் சுருண்டுகொண்டு. பரிமாறுகிறவர் அதைக் கரண்டியால் எடுத்துத் தூரப் போட்டுவிட்டு, "நம்மளுதுதான் மேடம்" என்றார். குழந்தைகளின் கன்னத்தைக் கிள்ளினார்கள், கோயிலில் அந்தக் கையால் திருநீறு எடுத்தார்கள், பேருந்தில் அவள் பிடித்திருந்த கைப்பிடிக் கம்பியின் மேலேயே வந்து பிடித்தார்கள். கொசகொசவென்று ஈரமாக, எண்ணெய்ப் பிசுக்கோடு, எதையோ கேட்டுக்கொண்டே இருப்பதைப் போல அவை லேசாக நடுங்கிக்கொண்டிருந்தன. அவள் பொத்தான் அமுக்கும் பழைய போன்தான் வைத்திருந்தாள். அவள் கை வெறுமையாக இருந்தது. அந்தக் கையால்தான் கையெழுத்துப் போட்டிருந்தாள், அதனால் அதன் மேலும் அவளுக்கு அருவருப்புத்தான்.

தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள், ஊராரின் கைகளை வரிசையாகப் படம் எடுத்தார்கள், கம்பிகளை ஸ்கேல் வைத்து அளந்தார்கள். போனைத் திரும்ப வாங்கிக்கொள்ளப் போகிறார்கள் என்று வேதநாயகி நம்பினாள். நிரஞ்சன் அவளை அழைத்து, அடுத்த மாடலில் ஆன்டெனாவே வேண்டாம் என்றார். அதுதான் வளர்ந்துவிடுகிறதே, நாம் எதற்கு இடத்தை வீணாக்க வேண்டும், ஐந்து மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்துவிடலாம்.

"நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்."

"ஏன், வலிக்குதுன்னு யாராவது கம்ப்ளெய்ன்ட் பண்ணாங்களா?"

யாரும் பண்ணவில்லை. அவளைப் பெட்டி அடைக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள்.

வீட்டில் அவள் கணவன் தணிகாசலத்துக்குப் பதின்மூன்று கம்பி. அவன் கம்பெனி வேன் ஓட்டுகிறவன், சுற்றுவட்டாரத்துக் கிராமங்களிலிருந்து விடியற்காலை ஷிப்டுக்குப் பெண்களை ஏற்றி வருகிறவன், அதட்டிப் பேசத் தெரியாதவன். ஸ்டியரிங்கில் கை வைத்திருக்கும்போதே எந்த ஊரில் எந்தப் பெண் வீட்டைப் பூட்டிக் கிளம்பிவிட்டாள் என்று கம்பி சொல்லிவிடுகிறது, ஹாரன் அடிக்கவே வேண்டியதில்லை என்று சின்னப் பிள்ளையைப் போலச் சொன்னான். அவளுக்கு அவன் கையைப் பார்க்க முடியவில்லை. அவன் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்தாள், எண்ணெய்ப் பிசுக்கு மற்றப் பாத்திரத்தில் ஒட்டுகிறது என்று காரணம் சொன்னாள். அவன் சரி என்றான்.

பெட்டிப் பிரிவில் உட்கார்ந்திருந்த இரண்டு மாதத்தில் அவள் ஒரு காரியம் செய்தாள். சோதனை அறையில் கழித்துப் போட்டிருந்த பாகங்களைக் கேட்டு வாங்கி, தான் கேட்டுக் கிடைக்காத அந்த இரண்டு மில்லிமீட்டரைச் சேர்த்து, எல்லா ஆன்டெனாவையும் உள்ளேயே உட்கார வைத்து, கையைத் தொந்தரவு செய்யாத ஒன்பது போன்களைத் தயாரித்தாள். கறுப்புப் பிளாஸ்டிக், மழுங்கிய மூலை, பின்னால் பட்டையாக ஒரு மேடு. ஒரு மண்டலம் இதைப் பிடித்திருந்தால், தன்னைக் கூப்பிட ஆள் இல்லாமல் கம்பி தானாக உதிரும் என்று அவள் கணக்குச் சொன்னது. ஞாயிற்றுக்கிழமை பஞ்சாயத்து அலுவலக வாசலில் மேஜை போட்டு ஒன்பதையும் அடுக்கிவிட்டு, நடந்ததை மறைக்காமல் சொன்னாள். அந்தப் போனை வரைந்தது நான்தான், கையெழுத்துப் போட்டதும் நான்தான் என்றாள்.

யாருக்கும் அவள்மேல் கோபம் வரவில்லை, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஒருவர் போனைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தார்.

"இன்னாம்மா இது, செங்கல்லாட்டம் கீது."

"இத்த வெச்சிக்கினு நாலு பேரு நடுவுல எப்படி நிக்கறது" என்றாள் இன்னொருத்தி. கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு பெண் மூக்கைச் சுளித்துக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்றம் அடிக்கிறது என்றாள். பொழுது சாய்ந்ததும் வேதநாயகி ஒன்பதையும் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அன்று அவளுக்கு ஒற்றைத் தலைவலி. கல்யாணமான நாள் முதல் அவளுக்குத் தலைவலி வந்தால் தணிகாசலம் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியை அமுக்கி விடுவான், அவனுக்கு அது ஒரு பழக்கம். யோசிக்காமல் கையை வைத்தான். எண்ணெய் ஊறிய பதின்மூன்று கம்பியும் அவள் புருவத்தின் மேல் படர்ந்தன, சாண் நீளத்துக் கம்பி இமையின் மேல் ஊர்ந்து கண்ணோரத்து ஈரத்தைத் தொட்டது. அவள் எழுந்து ஓடிக் குளியலறையில் வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது அவன் கையை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவ்ளோ கேவலமா இருக்குதா நாயகி?"

அவள் இல்லை என்று சொல்லியிருக்கலாம். குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள்.

"அந்தத் தடிப் போன்ல ஒண்ணக் குடு" என்றான்.

நாற்பத்தெட்டு நாள் அவன் அதைப் பிடித்திருந்தான். முதலில் இமை மயிர் போன்றவை தலையணையில் உதிர்ந்தன, பிறகு விரல் நீளத்துக்கு உள்ளவை, சோப்புப் போடும்போது ஒவ்வொன்றாக. ஒவ்வொன்று விழும்போதும் அவனுக்கு ஒரு கிராமம் ஊமையாகிப் போனது. வேன் ஹாரன் மறுபடி அடித்தது, சில நாள் பெண்கள் தெருமுனைக்கு வந்து சேரும் முன்பே அவன் கடந்து போனான், கம்பெனிக்குப் புகார் போனது. கடைசியில் டூஜிக் கம்பி. அது மட்டும் வேரோடு குளியலறையில் தண்ணீர் போகும் ஓட்டையில் சிக்கிக்கொண்டது, வேதநாயகி மூச்சைப் பிடித்துக்கொண்டு குச்சியால் அதைத் தோண்டி எடுத்து, மண்ணில் புதைத்துவிட்டு மூன்று முறை கை கழுவினாள். அவன் உள்ளங்கை பிறந்த குழந்தையின் பாதத்தைப் போலச் சிவந்து வழவழவென்று இருந்தது. அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று அன்றைக்கு ஒரு நாள் நினைத்தாள்.

மறுவாரம் வேனில் முன்சீட்டுப் பெண் பின்னால் போய் உட்கார்ந்தாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்கண்ணே. ஸ்டியரிங்ல உங்க கையப் பாத்தா ஒரு மாதிரி இருக்கு. தோலு உரிச்ச கோழியாட்டம். காலங்காத்தால வவுத்தப் பெரட்டுது."

அவன் கையுறை மாட்டிக்கொண்டு ஓட்டினான். கையுறைக்குள் என்ன இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். பத்து நாளில் பெண்கள் வேறு வேனில் ஏறத் தொடங்கினார்கள், போக்குவரத்து மேலாளர் சாவியை வாங்கிக்கொண்டார். மளிகைக் கடையில் அவன் நீட்டிய பையை வாங்காமல், கீழே வைக்கச் சொன்னார்கள். வேதநாயகியின் கையும் வெறுமைதான், ஆனால் அவள் படித்தவள், மேடம், அவள் கையை யாரும் அதுவரை உற்றுப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தார்கள்.

சாவியைக் கொடுத்ததற்கு அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு இருவரும் கன்னியப்பன் கடைக்குப் போனார்கள். ஷிப்டுக்குப் போகிறவர்கள் கும்பலாக நின்று உள்ளங்கைகளைத் தேய்த்துக் காசு கொடுத்து டீ வாங்கிக்கொண்டிருந்தார்கள். கன்னியப்பன் மற்றவர்களுக்குக் கண்ணாடி கிளாசில் ஊற்றிவிட்டு, இவர்களுக்கு மட்டும் மேல்தட்டில் தனியாக வைத்திருந்த இரண்டு காகிதக் கப்பை எடுத்தான். கையில் கொடுக்கவில்லை, பெஞ்சின் ஓரத்தில் வைத்து விரலால் தள்ளினான்.

"என்னப்பா, கிளாஸ் இல்லியா?" என்றான் தணிகாசலம்.

"நான் சொல்லலண்ணே. எனக்கு இன்னா வந்துது. கஸ்டமருங்க மொகம் சுளிக்கறாங்கோ. அந்தக் கை பட்ட கிளாசுல எப்படிக் குடிக்கறதுன்னு கேக்கறாங்கோ."

தணிகாசலம் காகிதக் கப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவன் தன் அப்பாவைப் பற்றி வேதநாயகியிடம் பேசியதே இல்லை.

"எங்கப்பாவுக்கு எங்க ஊரு டீக்கடையில கொட்டாங்குச்சி" என்றான். கோபமில்லை, வழி சொல்கிற குரல். "கூரையில சொருகி வெச்சிருப்பாங்க. அவரே எடுத்து, அவரே கழுவி, குந்திக்கினு குடிச்சிட்டு, மறுபடியும் கழுவிச் சொருகிட்டு வரணும். நான் கூடப் போயிருக்கேன். நான் படிச்சி ஒரு வேல வாங்கினப்புறம் அது எல்லாம் முடிஞ்சிபோச்சின்னு இருந்தேன்."

வேதநாயகிக்கு முகம் எரிந்தது. கொட்டாங்குச்சியைப் பற்றி அவள் புத்தகத்தில் படித்திருந்தாள், கூட்டத்தில் கேட்டிருந்தாள், சீ என்று சொல்லியிருந்தாள். தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்தபோது அவள் கை எவ்வளவு இயல்பாக அதைச் செய்தது, எவ்வளவு சுத்தமான காரணம் அதற்குக் கிடைத்தது, அவன் எவ்வளவு சீக்கிரம் சரி என்றான். அவன் அந்தச் சரியை எங்கே கற்றுக்கொண்டான் என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. இத்தனை நாளும் ஊரைப் பார்த்து வந்த குமட்டல் அந்தப் பாய்லர் புகைக்கு நடுவே அப்படியே திரும்பி அவளைப் பார்த்து நின்றது.

தணிகாசலம் கையுறையைக் கழற்றினான். பாய்லர் பக்கத்தில் கழுவி அடுக்கி வைத்திருந்த கிளாஸ் தட்டைத் தன் பக்கம் இழுத்து, சிவந்த வழவழப்பான உள்ளங்கையால் முதல் கிளாசின் விளிம்பைச் சுற்றித் தடவி வைத்தான். பிறகு இரண்டாவது. பிறகு மூன்றாவது. அவசரப்படவில்லை, எதையும் உடைக்கவில்லை, குழந்தைகளை வரிசையாகத் தலை தடவிக் கொடுப்பது போல ஒவ்வொன்றாக. கூட்டத்தில் யாரோ காறித் துப்பினார்கள். ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இடுப்புயரத்தில் தொங்கிய நூற்றுக்கணக்கான கம்பிகள் ஒரே நேரத்தில் சிலிர்த்து நிமிர்ந்தன, காற்றில் பித்தளை வாடை ஏறியது.

"அண்ணே, வாணாம்ணே" என்றான் கன்னியப்பன்.

இரண்டாவது தட்டு வேதநாயகியின் பக்கம் இருந்தது. அவள் தன் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு தொடங்கினாள். முப்பத்தாறு கிளாஸ். கடைசிக் கிளாசையும் தடவி முடித்ததும் அதில் இரண்டை எடுத்து, பாய்லர் குழாயைத் திறந்து வெந்நீர் விட்டு, டிகாஷனும் பாலும் தானே ஊற்றி, சர்க்கரை போட்டு ஆற்றி, ஒன்றை அவன் கையில் கொடுத்தாள். இருவரும் பெஞ்சின் நடுவில் உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் கிளாசுகளைப் பார்த்தார்கள், கன்னியப்பனைப் பார்த்தார்கள், ஷிப்டுக்கு நேரமாகிறது என்று கம்பிகள் துடித்தன, பாய்லர் கொதித்துக்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகு அன்றைக்குக் காலை ஆனையப்பாக்கத்தில் அந்த இரண்டு பேரைத் தவிர வேறு யாரும் டீ குடிக்கவில்லை.